நடுமலைக்கு எடுத்துப் போன குடம்

எங்கள் வீட்டுக்கு மலைதான் சோறு போட்டது. என் வீட்டுக்காரரின் வகையறா எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு அபிஷேகத் தண்ணீர் சுமக்கிறவர்கள். அடிவாரத்துக் குளத்தில் மொண்டு, தோளில் வைத்து, படியெல்லாம் ஏறி உச்சியில் இருக்கிற சன்னதியில் சேர்க்க வேண்டும். குடத்தை அங்கே இறக்கியதும் மணி அடிப்பார்கள். அவரும் அவருடைய பெரியப்பா மகனும் முறை வைத்துக்கொண்டு செய்தார்கள். தையிலிருந்து ஆனி முடிய எங்கள் முறை. ஆடியிலிருந்து மார்கழி முடிய அவர்கள் முறை. முறை உள்ளவருக்கு மலையடித் தெருவில் குடியிருக்க வீடு உண்டு, கோயில் அரிசி உண்டு. முறை போனால் இரண்டும் போய்விடும்.

குடத்தைத் தோளில் ஏற்றிவிட்டால் வழியில் இறக்கக் கூடாது. இறக்கினால் அந்தத் தண்ணீர் சாமிக்கு ஆகாது. கொட்டிவிட்டுத் திரும்பவும் குளத்துக்குத்தான் போக வேண்டும். மூச்சுக்காற்று படாமல் இருக்க மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துணியால் கட்டிக்கொள்வார்கள். சுமக்கிறவர் பேசக் கூடாது, அவரிடம் மற்றவர்களும் பேசக் கூடாது. அந்தச் செப்புக்குடத்தை வீட்டுப் பெண்கள் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் அதற்கென்று சுவரில் ஒரு மாடம் இருந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டு போனதில்லை.

இன்னொன்றும் உண்டு. வழியில் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவருக்குக் குடத்தை மாற்றினால், அதோடு முறையும் மாறிவிட்டது என்று அர்த்தம். என் மாமனார் அப்படித்தான் ஒருநாள் பாதிப் படியில் நின்று, பின்னால் வந்த மகனைப் பார்த்துத் தோளைச் சாய்த்தாராம். மறுநாளிலிருந்து அவர் மலை ஏறவில்லை. அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார்.

சர்க்கார் அரிசி ரேஷனை எடுத்துவிட்டு இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. முறையில்லாத மாதங்களில் என் வீட்டுக்காரர் கழனி வேலைக்குப் போவார். நனைந்துகொண்டே நாற்று சுமந்தார். காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து விலாவில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கார்த்திகை தீபம் அங்கேயே போயிற்று. வீட்டுக்கு வரும்போது சட்டை ஆள் இல்லாமல் கொடியில் தொங்குவது போல அவர்மேல் தொங்கியது. டாக்டர் இனிமேல் பாரம் தூக்க வேண்டாம் என்று சொன்னார். அதை அவர் வீட்டில், "கொஞ்ச நாளிக்கி தூக்க வேணாமாம்" என்று சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்து கேட்டவள். இருந்தாலும் அவர் சொன்னதையே நானும் எல்லோரிடமும் சொன்னேன்.

மார்கழி பிறந்ததும் பெரியப்பா மகன் வந்தார். எங்களைவிடச் சின்னவர், தமாஷாகப் பேசுகிறவர். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணாத்த, ஒடம்பு எப்டி கீது?"

"கீது கீது. உசுரோட கீது."

"அது தெரியுது. இல்லாங்காட்டி நீ இப்டி மொறச்சிகினு ஒக்காந்திருக்க மாட்டே." சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "கோயில்ல கேக்குறாங்க. தை மொத நாளு நீ வர்றியா, நானே தூக்கிகினு இருக்கட்டா? மின்னாடியே சொல்லிட்டா தேவல."

"இன்னாடா, தோளு ருசி கண்டுகிச்சா? எறக்க மனசு வரலியா?"

"யம்மாடி, ருசியாம் ருசி! இந்தக் குளுருல ஈரத்துணிய மூஞ்சில கட்டிகினு போறது ஒனக்குத்தான் ருசி. ஒம் முறை ஒனக்கு, எனக்கு இன்னாத்துக்கு? ஆனா படில பாதில நின்னுட்டா ஊரே பாக்கும் அண்ணாத்த. அதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். "போகிக்கு சொல்றேன், போ" என்றார்.

பெரியப்பா மகன் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே, "ஏறிப் பாத்துடணும்" என்றார்.

எங்கள் மலையில் ஏறிப் பார்க்க முடியாது. மார்கழியில் விடிவதற்கு முன்னாலிருந்தே படி முழுக்க ஜனம். ஒருவர் நின்று மூச்சு வாங்கினால் அந்தச் செய்தி அவருக்கு முன்னால் கீழே இறங்கிவிடும். வெறுமனே ஏறினால் பிரயோஜனமும் இல்லை. குடத்தோடு ஏற வேண்டும், சாமி மலையில் பரீட்சைக்காகக் குடம் தூக்குவதாவது! அதனால் வேறு மலை பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் கொல்லையிலிருந்து பார்த்தால் மூன்று மலைகள் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் பெரிய மலை. படி கிடையாது, வழவழவென்ற ஒரே பாறை, கால் வைக்கக் குழி மட்டும் வெட்டியிருக்கும். ஏரிக்கரையில் ஒரு சின்னக் குன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று, அதை நடுமலை என்றே சொல்வோம். பாதிக்கு மேல் வரைக்கும் பழைய படிகள், அப்புறம் பாறைச் சரிவு, உச்சியில் ஒரு பாழ் மண்டபம். சாமி இல்லை. எப்போதோ யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்பார்கள்.

தினமும் காலையில் அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வருஷம் கார்த்திகையோடு மழை விடவில்லை. பெரிய மலையின் பாறையில் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

"தண்ணி இன்னும் கசிஞ்சிகினே கீது பாரு. அந்தக் கறுப்பு வெளுக்கணும்."

"அதுலயா ஏறப் போறீங்க?"

"அதுல ஏறிட்டா அப்பால ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

எனக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. மலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. தெரிந்தவர்களைக் கேட்கலாம் என்று தோன்றியது. தெருவில் விறகுக்கட்டு விற்க வரும் ஒரு பெண் அந்த மலைகளில்தான் வெட்டி எடுத்து வருவாள். அவளிடம் விறகு வாங்கும்போதுகூட நான் கட்டைக் காட்டித் தலையாட்டுவேனே தவிர, பேசியதில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியில் வந்தேன்.

"அக்கா, இப்ப மலையெல்லாம் எப்டி இருக்குது?"

அவள் கட்டை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடியாத்தே, பேசுது! நான் ஒன்ன ஊமைன்னு நெனச்சிகினு இருந்தேன். எந்த மலை? இன்னாத்துக்கு?"

"பச்சிலை பறிக்கணும்."

"இன்னா பச்சிலை? சொல்லு, நானே கொண்ணாந்து குடுக்கறேன்."

எனக்கு ஒரு பச்சிலையின் பேரும் வரவில்லை. "பேரு தெரியாது" என்றேன்.

"கேட்டுக்கோங்கடி, பேரு தெரியாத பச்சிலைக்கு மலை ஏறப் போவுதாம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சூடானது. உள்ளே ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் கொல்லைப் பக்கமிருந்து வந்த இருமலைக் கொஞ்சம் கேட்டாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பெரிய மலைய வுட்டுடு. பாசி புடிச்சி கண்ணாடியாட்டம் கீது. எங்காளு ஒருத்தி அன்னிக்கி வழுக்கினா பாரு, மொதல்ல வெறகு வந்துச்சி, பின்னாலயே அவ வந்தா. இன்னும் இடுப்பு நிமிரல."

"ஏரிக்குன்று?"

"அது ஒரு மலையா? எரும ஏறி நின்னுகினு ஊர வேடிக்க பாக்குது. நடுமலை தேவல. வடக்கால போவாத, அங்க வெயிலே படாது, சொதசொதன்னு கீது. புளியமரத்தாண்ட படி கீது, அந்தாண்ட ஏறு. விடிகாலைல போவாத. ஏரிப்பனி எழும்பிப் போயி, கல்லுல வெயிலு வுழுந்து காஞ்ச அப்பால போ. மேல மண்டபத்துல கடந்தக் குளவி கூடு கட்டிகீது. அதும்பாட்டுக்கு இருக்கும், கிட்டப் போவாத. கொட்டுச்சின்னா மூஞ்சி பூசணிக்கா."

விறகை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வடக்கு ஏன் ஆகாது, படி எந்தப் பக்கம், பனி எப்போது போகும் என்று இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டார். பெரிய மலையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"வழுக்குமாம்" என்றேன் திரும்பவும்.

"கேட்டேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏரிக்குன்றுல ஏறி இன்னா ஆவப்போவுது? எரும கூட ஏறுதுன்னா. நம்ப மலைக்கு அது ஒரு சாட்சியா?" அப்புறம் தானாகவே, "நடுமலைதான். நம்ப மலைக்கு ஒரு பிடி கொறச்சல். அதுல ஏறிட்டா இதுலயும் ஏறிடலாம்" என்றார். நான் மூச்சு விட்டேன்.

மலை முடிவான பிறகு நாள் முடிவாகவில்லை. ஒருநாள் காலையில் தூறல். ஒருநாள் ஏரிப்பனி உச்சி வெயில் வரைக்கும் போகவில்லை, நடுமலையின் தலையே தெரியவில்லை. ஒருநாள் எல்லாம் சரியாக இருந்தது, அவருக்குத்தான் காய்ச்சல். மாவலிபுரத்திலிருந்து மீன்கூடைக்காரிகள் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போவார்கள். கடல் கொந்தளித்தால் வரமாட்டார்கள், வந்தால் மழை விட்டது என்று அர்த்தம். அவர்கள் குரல் கேட்கிறதா என்று நான் காதை வைத்துக்கொண்டிருந்தேன். மார்கழி பாதிக்கு மேல் போய்விட்ட பிறகு ஒருநாள் அந்தக் குரல் கேட்டது. மறுநாளும் கேட்டது. பெரிய மலையின் கறுப்புப் பட்டைகூட நரைத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது.

"நாளிக்கி" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். கோயில் குடத்தை எடுக்க முடியாதே, அதனால் என் அப்பா சீர் கொடுத்த குடத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டோம். தினமும் நான் தண்ணீர் எடுக்கிற குடம். கழுத்தில் ஒரு நெளிவு இருக்கும். தெருமுனையில் பெரியப்பா மகனின் பெண்சாதி பார்த்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு கொடம் இன்னாத்துக்குக்கா?"

"ஒழுகுது. பத்தவெக்கக் குடுக்கணும்."

"நேத்து கூட தண்ணி எடுத்துகினு போனியே, ஒரு சொட்டு காணமே." அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி, பாத்து போய்ட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது.

செங்கல்பட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் ஒரு வண்டியில் போனோம். இறங்கி வரப்பில் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். புருஷனோடு சேர்ந்து நடக்கிற பழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. கழனியெல்லாம் கதிர் சாய்ந்து கிடந்தது. பனி போய் வெயில் வந்திருந்தது. புளியமரத்தடியில் ஒரு குட்டை. பக்கத்தில் படி. விறகுக்காரி சொன்னபடியே கல் காய்ந்திருந்தது. அவர் குனிந்து உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். மேலே பார்த்தார். மேகம் இல்லை, காற்று இல்லை.

"எல்லாம் சரியா கீது" என்றார்.

குட்டையில் காலைக் கழுவிக்கொண்டு, துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார். அது எனக்குத் திக்கென்றது. அங்கே யாருக்காக அது? ஆனால் கட்டிக்கொண்டுவிட்டார், இனிமேல் பேச முடியாது. குடத்தைக் கழுத்து வரைக்கும் நிரப்பினார். பாதி போதும் என்று கையால் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தோளில் ஏற்றினார்.

முதலில் நன்றாகத்தான் ஏறினார். அவர் ஏறுவதை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் அவர் ஏறின சம்பளத்தில் சாப்பிட்டவள், பார்த்ததில்லை. குடம் அசையவே இல்லை. கால் மட்டும் வேறு யாருடையதோ போல மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நம்பிக்கைகூட வந்தது. தை மாதத்து அரிசியை நினைத்தேன், வீட்டை நினைத்தேன். பொங்கலுக்கு அந்த வீட்டிலேயே கோலம் போடலாம் என்று நினைத்தேன்.

படி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கால் மெதுவானது. படி முடிந்து சரிவில் நாலைந்து அடி வைத்தார், நின்றுவிட்டார். மூக்கைச் சுற்றியிருந்த துணி உள்ளே போய் ஒட்டிக்கொண்டது, வெளியே புடைத்தது, திரும்ப ஒட்டிக்கொண்டது. பக்கத்துப் பாறையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். ஒரு கை குடத்தைப் பிடித்திருந்தது.

சும்மா குட்டைத் தண்ணீர். மேலே சாமி இல்லை, கடந்தைக் கூடுதான் இருந்தது. குடம் என்னுடையது, அன்றைக்குக் காலையில் நானே சாம்பல் போட்டு விளக்கினது. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் இறக்கவில்லை. இறக்கி வையுங்கள் என்று நானும் சொல்லவில்லை. சுமக்கிறவரிடம் பேசக் கூடாது என்பது எனக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. அவருடைய மூச்சு விசில் மாதிரி கேட்டது. நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, கோயிலில் ஒதுங்கி நிற்பதுபோல ஒதுங்கி நின்றேன். பாறையின் நிழல் என் காலைத் தொட்டது, அப்புறம் காலைத் தாண்டிப் போனது.

குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவர் மார்பில் வழிந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். துணிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் என் பக்கமாகத் தோளைச் சாய்த்தார்.

என் மாமியார் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். வாங்கிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கையை நீட்டி வாங்கினேன்.

எனக்குத் தோளில் வைக்கத் தெரியாது. பெண்கள் எடுக்கிறபடி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் அப்படியே சரிந்து உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். இருமினார், இருமினார், அப்படி இருமினார். துணியில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு இருந்தது. அதை மடித்து உள்பக்கமாக வைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மூச்சு ஒருவழியாக அடங்கியதும் என்னைப் பார்த்தார். நான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா நிக்கிற? எறக்கி வெய்யி."

என்னால் முடியவில்லை.

"வெறும் தண்ணிதானே."

"அப்ப நீங்க ஏன் எறக்கல?"

அவர் சிரித்தார். சிரிப்பு உடனே இருமலாகிவிட்டது. இருமி முடித்துவிட்டு, "எடுத்தது போய்ச் சேரணும்" என்றார். "மேல இன்னும் கொஞ்சந்தான் கீது. போய் வெச்சிட்டு வா. கடந்தகிட்டப் போவாத."

நான் ஏறினேன். இடுப்பில் குடத்தோடு ஏறுவது எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கல்லெல்லாம் காய்ந்து, வெயிலில் வெதுவெதுவென்று இருந்தது. மண்டபத்தில் சாமி இருந்த இடத்தில் ஒரு சதுரக் குழி. உத்தரத்தில் கடந்தைக் கூடு, தொங்குகிற பானை மாதிரி. உள்ளே போய் அந்தக் குழியில் ஊற்றலாமா என்று நினைத்தேன். பொம்பளை, எனக்குத் தைரியம் வரவில்லை. வாசல் கல்லில் இறக்கிவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் ஆடி நின்றது.

அங்கிருந்து எங்கள் மலை தெரிந்தது. கோபுரமும் படியும், படியில் பொட்டுப் பொட்டாக ஜனமும். நான் தினமும் அதன் அடியில் இருந்தவள், அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததில்லை. அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு வெளுத்த கோடு, அது கடல் என்று அப்புறம் புரிந்தது. கோட்டின்மேல் மாவலிபுரத்து விளக்குக் கோபுரம் குச்சி போல நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் பார்க்கவில்லையே என்று அதிகம் நிற்காமல், தண்ணீரைப் பாறையோரத்தில் ஒரு செடிக்குக் கவிழ்த்துவிட்டு இறங்கினேன்.

"மேல ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. நல்லா காஞ்சிகீது."

"பாசி?"

"இல்ல."

"பாத்துதான் வந்தோம்" என்றார். "நல்ல மலையாத்தான் பாத்து வந்தோம். மலைமேல ஒண்ணும் கொறை இல்ல."

இறங்கும்போது நான் முன்னால் போனேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். வரப்பில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. புளியமரத்தடிக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார், முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன்.

போகியன்று காலையில் பழம்பாய் எரிகிற புகையில் அவருடைய இருமல் அதிகமாக இருந்தது. மாடத்திலிருந்து செப்புக்குடத்தை எடுத்துத் துண்டில் கட்டிக்கொண்டு பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன், வேலியோரம் நின்றேன்.

பெரியப்பா மகன் குடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்குத் தமாஷ் ஒன்றும் வரவில்லை. "இன்னா அண்ணாத்த இது? எங்கிட்ட வேற கொடம் கீது. முறை ஒன்னுதுதான். ஒடம்பு தேறுற வரைக்கும் நான் சும்மா தூக்குறேன்."

"சும்மா தூக்க முடியாதுடா. தோளு மாத்தியாச்சி."

"யாருக்கு? எப்போ?"

என் வீட்டுக்காரர் குடத்தை நீட்டியபடி நின்றார். பெரியப்பா மகனின் பெண்சாதி உள்ளேயிருந்து வந்து, வேலியோரம் நின்ற என்னைப் பார்த்தாள். புருஷனிடம், "கேக்காத. வாங்கிக்க" என்றாள்.

வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் திரும்பி வரும் வழியில், "அவனுக்கு எடது தோளு பழக்கம். அந்தக் கொடத்துக்கு வலது தோளுதான் சரிப்படும். சொல்ல மறந்துட்டேன்" என்றார். அதைச் சொல்ல மறுபடியும் போகலாமா என்று யோசித்தார். போகவில்லை.

மறுநாள் பொங்கல். கோலம் போட்டேன், சின்னதாக. சித்திரைக்குள் வீட்டை விட வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதற்கப்புறம் செங்கல்பட்டில் என் தம்பி வீட்டோரம் ஒரு தாழ்வாரம் கிடைத்ததும், அங்கே இரண்டு மழைக்காலம் மட்டும் அவர் உயிரோடு இருந்ததும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்று உள்ளே வந்தபோது, அவர் எழுந்து குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மாடம் காலியாக இருந்தது.

தெருவில் ஈரக்கால் நடக்கிற சத்தம் கேட்டது. எதிரே வந்தவர்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்குவது தெரிந்தது. சத்தம் படியை நோக்கிப் போய் மறைந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. விறகைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அவருடைய வலது தோள் மட்டும் லேசாக உயர்ந்து அப்படியே நின்றது. அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. வெளியே பொழுது நன்றாகப் புலர்ந்தது. பால்காரி வாசலுக்கு வந்து, கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மலைமேல் மணி அடித்தது.

"எறக்கிட்டான்" என்றார். தோள் இறங்கியது.

நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.